எடை பார்க்காத டீச்சர்

அப்பு,

நீ போனை எடுக்கவில்லை. அதனால் நான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஏலக்காய்ச் சாக்கின் மேல் ரகமும் பேரும் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் இந்தக் கை எழுத்தைத் தேடிப் போனதில்லை. ஆகவே வரி மேலே ஏறும், கீழே இறங்கும், போடிமெட்டு ரோடு மாதிரி அங்கங்கே வளைவு வரும். என்ஜினியருக்குப் படித்தவன் நீ, நேராக்கிப் படித்துக்கொள். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதற்கெல்லாம் காகிதம் பத்தாது. இது சந்தேகம். உன் கழுத்தில் மாலை விழுவதற்கு முன்னால் எனக்குத் தீர வேண்டிய சந்தேகம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். மணமேடையில் இந்தப் பெரிய உடம்புக்காரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள உனக்கு வெட்கமாக இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ‘அம்மாவுக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்வாய். ஆமாம், எனக்கு எதை எடுத்தாலும் சந்தேகம்தான். அதில்தான் நீ சாப்பிட்டாய், படித்தாய். சாக்கைத் திறந்தால் மேலே பச்சைப் பசேலென்று பெரிய காயாக இருக்கும். அதைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஏலக்காய் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. முழங்கை வரை கையைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ள வேண்டும். பொடியும் வெளுத்த காயும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் உன்னைச் சந்தைக்குக் கூட்டிப்போனபோது, மாம்பழக் கூடையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி ஒருத்தரிடம் சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “வாம்மா போகலாம், எல்லாரும் பாக்குறாங்க” என்று முந்தானையை இழுத்தாய். ஒளிந்துகொள்ள என் முதுகு மாதிரி வசதியான இடம் உனக்கு வேறு எங்கே கிடைத்திருக்கும்? அடியில் இருந்த பழம் அழுகல் என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தாய். அன்றைக்கு உனக்கு வெட்கம் என் சத்தத்தைப் பார்த்து. இன்றைக்கு எதைப் பார்த்து என்பதுதான் கேள்வி.

மதுரை மண்டபத்தில் நிவேதாவுக்குப் பூ வைத்த நாளில் ஆரம்பித்தது இது. மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினேன். நீ மேலேயிருந்து திரும்பிப் பார்த்தாய். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எதிரே உன் வருங்கால மாமியார் உட்கார்ந்தார். தங்கமான மனுஷி, ஆனால் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. தினமும் விடிகாலையில் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவராம். என் டம்ளரில் மறுபடியும் பாயசம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு சுகர் இல்லையா சம்பந்தி?” என்று கேட்டார். “பாயசத்துல போதுமான அளவு இருக்கு சம்பந்தி” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கடைசியில் போட்டோ எடுக்க நின்றோம். கேமராக்காரர் என்னைப் பார்த்து, “அம்மா, நீங்க கொஞ்சம் பின்னால போங்க, பொண்ணு மறையுது” என்றார். “ஹாரன் அடிங்க தம்பி, ரிவர்ஸ் எடுக்கிறேன்” என்றேன். மண்டபமே சிரித்தது. நீயும்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். போட்டோ கைக்கு வந்தபோது உன் மாமாவின் தோளுக்குப் பின்னால் என் ஒரு தோடு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. நல்ல தோடு. யாருடைய காதில் இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் நீ போன் பண்ணி, “அம்மா, எஸ்தர்னு ஒருத்தங்க வீட்டுக்கு வருவாங்க, அவங்க கேக்குறதுக்கு எல்லாம் மறைக்காம பதில் சொல்லு” என்றாய். எதற்கு என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்கூட்டரில் ஒருத்தி வந்து இறங்கினாள். என் உருவத்தில் ஒரு சுற்றுதான் குறைவு. நேராக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் குடோனுக்குள் நுழைந்து, சாக்கு அடுக்கை மேலும் கீழும் பார்த்தாள். “தினமும் எவ்வளவு மூட்டை தூக்குவீங்கக்கா? எங்க இறக்கி வைப்பீங்க? சீசன்ல எவ்வளவு நேரம் தூக்க வேண்டியிருக்கும்?” என்று அடுக்கினாள். ஏலத்துக்கு முன்னால் யார் வீட்டில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கத் தரகர்கள் எந்த வேஷத்திலும் வருவார்கள். பொம்பளை வேஷத்தில் ஒரு தரகரை அனுப்பியிருக்கிறார்கள், பாவம் என் பிள்ளையும் ஏமாந்துவிட்டான் என்று நினைத்தேன். “என்னத்தத் தூக்க தாயி! மழையில அம்புட்டும் அழுகிப்போச்சு. இந்தச் சாக்குல இருக்கிறது பூரா தூசி” என்று மூக்கை உறிஞ்சினேன். “சரிக்கா. முழங்கால் எப்படி இருக்கு?” என்றாள். “அதுவும் போன வருசத்துச் சரக்குதான், விலை போகாது” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. முழங்காலை எந்தத் தரகர் விசாரிப்பார் என்று அப்புறம்தான் உறைத்தது.

அவள் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள் என்று தெரிந்ததும் சந்தேகம் குறையவில்லை, கூடிவிட்டது. பஜாரில் மிளகும் கிராம்பும் விற்கிற கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணாம். கோயம்புத்தூரில் ஒரு ஜிம்மில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பி, வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தருகிறாளாம். எந்த உடம்பாக இருந்தாலும் அந்த உடம்போடேயே ஆரம்பிக்கலாம் என்பதுதான் அவள் கொள்கையாம். “ஏ புள்ள, நீயே என்னை மாதிரி இருக்க. என்னை எப்புடி இளைக்க வைப்ப?” என்றேன். “இளைக்க வைக்க வரலைக்கா.” “அப்புறம் எதுக்கு இம்புட்டு தூரம் பெட்ரோலைச் செலவழிச்ச?” “உங்க உடம்பு உங்க பேச்சைக் கேக்கணும்ல. குனியணும், நிமிரணும், படி ஏறணும். கூடவே கொஞ்சம் சந்தோசமாவும் இருக்கணும்.” “சந்தோசத்துக்குக் காசு வாங்குறியா?” “வாங்குறேன்க்கா.” அந்த ஒரு பதில் மட்டும்தான் நேர்மையாகப் பட்டது.

இன்னொரு விஷயம் கேள். அவள் கையில் எடை பார்க்கிற மெஷின் இல்லை. நம் ஊரில் தராசு இல்லாமல் தொழிலா? நானே பெருந்தன்மையாக, “இந்தா, மூட்டை போடுற தராசு இருக்கு, ஏறி நிக்கிறேன், முள்ளு சரியா இருக்கானு மட்டும் பாத்துக்க” என்று செருப்பைக் கழற்றினேன். “அதுல காயை ஏத்துங்கக்கா. உங்களை விக்கவா போறோம்?” என்றாள் அவள். கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன். என் பேச்சை ஒருத்தி ஒரே வரியில் மடக்கி நீ பார்த்ததுண்டா? நானும் பார்த்ததில்லை. அதனால் அவள் மேல் இன்னும் சந்தேகம் வந்தது.

அவள் சொல்லித்தந்தது எல்லாம் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்திருப்பது, சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது என்று ஏதோ குழந்தைக்குச் சொல்லித்தருவது மாதிரி இருந்தது. “எந்த வேலை செய்யும்போதுக்கா உடம்பு குஷியா இருக்கும்?” என்று கேட்டாள். “படுக்கிற வேலை” என்றேன். எழுதிக்கொள்ளப் போகிறாளோ என்று பார்த்தேன், சும்மா தலையாட்டினாள். பிறகு ஒருநாள் அவள் வரும்போது நான் முறத்தில் காய் புடைத்துக்கொண்டிருந்தேன். புடைப்பது எனக்குப் பிடிக்கும் என்று நானே அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. காயை மேலே எறிந்து பிடிக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் போகும், தோள் ஒரு பக்கம் போகும், குதிகால் தானாகத் தட்டும். காம்பும் தூசியும் முன்னால் பறக்கும், வாசம் மூக்கில் ஏறும். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். “நிறுத்தாதீங்கக்கா, நிறுத்தாதீங்க” என்று ஓடிவந்து, கைக்கு அடக்கமான ஒரு பாட்டுப் பெட்டியைச் சாக்கின் மேல் வைத்துப் பாட்டைப் போட்டாள். அப்புறம் முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு அதையே செய்யச் சொன்னாள். காலை அகட்டி, முட்டி மடக்கி, இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. அவளும் எதிரே நின்று வீசினாள். இரண்டு பெரிய பொம்பளைகள் இல்லாத காயைப் புடைத்துக்கொண்டிருந்தோம். வியர்த்துக் கொட்டியது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பாட்டு நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யாரையும் கேலி பண்ணாமல் நான் சிரித்ததும் அன்றைக்குத்தான்.

ஆனாலும் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என் ஜோக்குக்கு அவள் சிரிப்பதே இல்லை. நம் ஜீப்பு ஓட்டுகிற பாண்டியை உனக்குத் தெரியும். மலைக்குப் போகும்போது ஆள்களை எல்லாம் பின்னால் அடைத்துவிட்டு என்னை மட்டும் முன்சீட்டில் வைப்பான், “அக்கா அங்க இருந்தாத்தான் வண்டி வளைவுல நிதானமா நிக்கும்” என்பான். எஸ்தரும் ஒருநாள் எங்களோடு வந்தாள். வழக்கம்போல நான், “நான் இறங்கிட்டா ஜீப்பு பட்டம் மாதிரி பறந்துரும்டா, கயிறு கட்டி வச்சுக்க” என்றேன். பின்னால் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன டீச்சர், சிரிப்புக்குத் தனிக் காசா?” “இல்லக்கா. இதே ஜோக்கை நானும் ரொம்ப நாளு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவங்க சொல்றதுக்குள்ள நாம சொல்லிரணும்னு ஒரு அவசரம் இருக்கும்ல. இப்ப எனக்கு அவசரம் இல்ல.” அவ்வளவுதான். திரும்பவும் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்த ஊசி வளைவு முழுக்க வாய் திறக்கவில்லை. பாண்டி பயந்துபோய், “அக்கா, தலை சுத்துதா?” என்று வண்டியை ஓரம் கட்டினான்.

ஓரம் கட்டினதுதான் கட்டினான், இங்கேயே இறங்கி நடக்கலாம் என்றாள் எஸ்தர். நம் ஏலத்தோட்டத்து வாசல் வரைக்கும் ஜீப்பில் போய் இறங்கி, அதே இடத்தில் உட்கார்ந்து வேலை வாங்கிவிட்டு, திரும்ப ஜீப்பில் ஏறுவதுதான் என் பழக்கம். நீ காலேஜுக்குப் போன காலத்திலிருந்து மேல்காட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. மெதுவாக ஏறினோம். மூச்சு வாங்கினால் நின்றோம். “நிக்கிறதும் நடையில சேத்திதான்க்கா” என்றாள். மரநிழலில் ஏலச்செடி என் தோளுக்கு மேல் நின்றது. அடியில் சரம் விட்டுப் பூத்திருந்தது. ஈர இலை முகத்தில் அடித்தது. என் காலில் நானே வந்து நிற்கிறேன் என்று நினைத்தபோது எனக்கே கொஞ்சம் திமிராக இருந்தது.

அங்கே இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. உன் அப்பா மத்தியானம் ஆனால் ‘மேல்காட்டுல சோலி இருக்கு’ என்று கிளம்புவார் அல்லவா? அது என்ன சோலி என்று எனக்குப் பல வருஷமாகச் சந்தேகம். மரத்தடியில் ஒரு கயிற்றுக் கட்டில், அதன் மேல் தலைக்குத் துண்டைச் சுருட்டி வைத்து உன் அப்பா. என்னைப் பார்த்ததும் கரடியைப் பார்த்த மாதிரி எழுந்து உட்கார்ந்தார். “நீ எப்புடி இங்க வந்த?” “நடந்து.” “நடந்தா?” “பறந்தா வர முடியும்?” திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனுஷன் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். கட்டில் தாங்குமா என்று ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை, அப்பு. பாதிக்கு மேல் எனக்கு விட்டுவிட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். கட்டில் கிறீச்சிட்டது, தாங்கியது. எஸ்தர் நாசூக்காகக் கொஞ்சம் மேலே ஏறிப் போய்ச் செடி பார்த்தாள். மூத்திரம் பெய்யக்கூட வீட்டுக்கு வராமல் இந்த மனுஷன் ஏன் மேல்காட்டிலேயே கிடந்தார் என்று அன்றைக்குப் புரிந்தது. அங்கே காற்று அப்படி. இப்போது வாரத்தில் பாதி நாள் நானும் ஏறுகிறேன். அவருடைய தூக்கம்தான் போயிற்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ரவிக்கை விஷயம் வந்தது. உன் கல்யாணத்துக்கு நான் கட்டப்போகிற பட்டுக்கு ரவிக்கை தைக்க அளவு கொடுக்கட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், “இப்ப வேண்டாம்மா, கடைசி வாரம் கொடுத்துக்கலாம்” என்று நீ தள்ளிப் போட்டாய். எந்தக் காலத்தில் நீ ரவிக்கையைப் பற்றிக் கவலைப்பட்டாய்? நம் தெருத் தையல்காரர் முகூர்த்தக் காலத்தில் கடைசி வாரம் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுவார் என்று உனக்கும் தெரியும். இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு வியாபாரி சொன்னால், விலை இறங்கும் என்று காத்திருக்கிறார் என்று அர்த்தம். நீ எது இறங்கும் என்று காத்திருக்கிறாய்? முதலில் நான் சம்பந்தியம்மாவைச் சந்தேகப்பட்டேன். அந்த ஷூக்கார அம்மாதான் உன் காதில் ஓதியிருப்பார் என்று. அப்புறம் நிவேதாவைச் சந்தேகப்பட்டேன். அதற்காகவே அவளுக்குப் போன் போட்டு, சுற்றிச் சுற்றிப் பேசி அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளை ஏலக்காய் டீ எப்படிப் போடுவது என்று கேட்டுவிட்டு, “நீங்க அன்னைக்குப் போட்டோவுலயே இல்லையே அத்தை, எனக்கு அதுதான் குறையா இருக்கு” என்றாள். அடியிலும் பெரிய காயாகத்தான் இருந்தது. உன்னை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. சொந்தத் தோட்டத்துச் சாக்கில் யார் கையை விட்டுப் பார்ப்பார்கள்?

மிச்சம் உனக்கே தெரியும். ஆனாலும் உன் பக்கம் கேட்டது உனக்கு, என் பக்கம் நடந்ததை நான் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை குடோனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் வீசிக்கொண்டிருந்தோம். பாண்டி சாக்குகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தான். எஸ்தரின் போன் அடித்தது. அவள் ஒரு விரலால் அழுத்திக் காதில் வைத்தாள். ஆனால் பேச்சு காதுக்குப் போகவில்லை. பாட்டு வந்துகொண்டிருந்த பெட்டி வழியாகவே உன் குரல் வந்தது, குடோன் முழுக்க. “மேடம், அம்மாவுக்கு இதுவரைக்கும் எவ்வளவு குறைஞ்சிருக்கு? கல்யாண போட்டோவுல தெரியுற அளவுக்காவது குறையுமா? அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.” எஸ்தர் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தம்பி, நான் எடை பாக்குறதில்லைனு முதல்லயே சொல்லியிருக்கேன். அம்மா என் பக்கத்துலதான் நிக்கிறாங்க.” நீ ஒரு மூச்சு விட்டாய். அதுவும் பெட்டியில் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாய். பாண்டி தோளில் சாக்கோடு அப்படியே நின்று, “அக்கா, எனக்கு ஒன்னுமே கேக்கலக்கா” என்றான். ஜீப்பு சத்தத்துக்கே செவிடாகாத காது அவனுடையது.

நீ வைத்ததும் அந்தப் பெட்டி, விட்ட இடத்திலிருந்து தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது. எஸ்தர் அணைக்கப் போனாள். “நிறுத்தட்டுமாக்கா?” எனக்கு ஜோக்கு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ‘எம் மவன் கப்பல்ல ஏத்துறதுக்கு எடை கேக்குறான்’ என்று சொல்லியிருந்தால் பாண்டியும் சிரித்திருப்பான், எல்லாம் லேசாகப் போயிருக்கும். சொல்லவில்லை. “பாதியில நிறுத்துனா காலு பிடிச்சுக்கும்னு நீதான சொன்ன? ஓடட்டும்” என்றேன். பாட்டு முடிகிறவரை வீசினேன். கண்ணில் இறங்கியது வியர்வைதான். நீ வேறு எதையும் நினைத்துக்கொள்ளாதே.

அதன் பிறகு அவளை உட்காரவைத்து விசாரித்தேன். “நீயும் அவனும் கூட்டா?” “இல்லக்கா. உங்க மகன் என்கிட்ட ரெண்டு சொன்னாரு. மண்டபத்துப் படியில எங்கம்மா நின்னு மூச்சு வாங்குனாங்க, பாத்ததும் பயமாயிருச்சு, அவங்க நல்லா நடக்கணும்னாரு. அப்புறம் கல்யாணத்துக்குள்ள குறையணும்னாரு. முதலாவதுக்குத்தான் நான் வருவேன், ரெண்டாவது என் சோலி இல்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். சரின்னாரு.” “அதை ஏன் என்கிட்டச் சொல்லல?” “சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?” விட்டிருக்க மாட்டேன். அதனால் அவளை இன்னும் முழுதாக நம்பவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

ஆகவே, அப்பு, உன் சாக்கில் இரண்டு ரகம் இருக்கிறது. அம்மா படியில் நின்று மூச்சு வாங்கினாளே என்ற பயம் ஒன்று. அம்மா போட்டோவில் அகலமாக விழுவாளே என்ற வெட்கம் ஒன்று. இதில் எது மேலே பரப்பியது, எது அடியில் கிடப்பது? பயம்தான் நிஜம் என்றால் ஏன் போட்டோவைக் கேட்டாய்? வெட்கம்தான் நிஜம் என்றால் படியில் திரும்பிப் பார்த்த அந்த முகம் யாருடையது? அந்த முகத்தை நான் பார்த்தேன். மாம்பழக்காரரிடமிருந்து என்னை இழுத்த அதே பையன் முகம். நான்கு நாளாக இரண்டையும் கையில் வைத்துப் பார்க்கிறேன், பிரிக்க முடியவில்லை. நீதான் வந்து பிரித்துச் சொல்ல வேண்டும். என் கேலிக்கு நீ சிரித்தது தப்பு என்று சொல்லமாட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்ததே என் வாய்தான். அந்தக் கடையை இப்போது சாத்திவிட்டேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கிற கடை திறந்தே இருக்கும், அதில் கவலை வேண்டாம்.

கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ, அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நிவேதா இன்றைக்குக் கொடி மாதிரி இருக்கிறாள். நாளைக்குப் பிள்ளை பெறுவாள், பெருப்பாள், வற்றுவாள், மறுபடி பெருப்பாள். நீ மட்டும் என்ன, உன் நெற்றி இப்போதே போடிமெட்டு வரை ஏறிவிட்டது. அவளிடம் சொல்ல ஏதாவது இருந்தால் அவள் முகத்துக்கு நேரே சொல். சண்டை வரும், தட்டு பறக்கும், பரவாயில்லை. ஆளை அனுப்பிச் செய்யாதே. பிரியமாக இருந்தாலும் பின்வாசல் வழியாக வந்தால் அது களவு மாதிரித்தான் தெரிகிறது. உன் அப்பாவிடம் நல்ல குணம் அதிகம் இல்லை, தூங்குமூஞ்சி. ஆனால் யாராவது வந்து நின்றால் கட்டிலில் நகர்ந்து இடம் விடுவார். அதை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டு போ, குடும்பம் ஓடிவிடும்.

எஸ்தருக்கு இனிமேல் நீ பணம் அனுப்பாதே. நான் கொடுத்துக்கொள்கிறேன். நீ பணம் கட்டினால் நீ கேட்டதைத்தான் அவள் தர வேண்டியிருக்கும். நான் கட்டினால் நான் கேட்பதைத் தருவாள். கல்யாணத்தன்று அதே மண்டபத்துப் படியை நிற்காமல் ஏறுவேனா என்று கேட்டால், தெரியாது. நின்றால் நிற்பேன். நிற்பதும் நடையில் சேர்த்திதான். நீ மேலேயிருந்து திரும்பிப் பார்க்காமல், இறங்கி வந்து என்கூட நில். மாப்பிள்ளை நின்றால் கேமராக்காரரும் நிற்பார். பதிலை அங்கே வைத்துச் சொன்னாலும் எனக்குப் போதும்.

இன்று காலையில் தையல்காரரிடம் போய் அளவு கொடுத்துவிட்டேன். உன் கடைசி வாரத்துக்கு நான் காத்திருக்கவில்லை. அவர் டேப்பை மடக்கிக்கொண்டே, “கொஞ்சம் பிடிச்சுத் தைக்கட்டுமாக்கா? போட்டோவுல ஒல்லியா தெரியும்” என்றார். அவரிடமும் நீ பேசியிருப்பாயோ என்று ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தேன். பேசியிருக்க மாட்டாய் என்று நம்பிக்கொண்டேன்.

“அக்குள்ள தாராளமா விட்டுத் தைங்கண்ணே” என்றேன். “எம் மகன் கல்யாணத்துல மேளக்காரங்க வர்றாங்க. கையைத் தூக்கி ஆடணும்.”

உன் அம்மா